மூச்சைக் கவனி என்று சொல்வதற்கு முன்

இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் மெல்லிய குரலில் சொல்வார்: இரண்டு பாதமும் தரையில் படட்டும். நாற்காலி உங்களைத் தாங்குவதை உணருங்கள். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதை மட்டும் கவனியுங்கள். சிலர் ஆழ்ந்து போவார்கள். சிலர் அரைக்கண்ணால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். சிலர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மணி அடிப்பதற்குக் காத்திருப்பார்கள். பாடத்தின் பெயர் ‘டாட் பி’. நில், மூச்சுவிடு, இரு என்பது அதன் பொருள். வகுப்பறையைத் தினமும் பார்த்துவந்த சில ஆசிரியர்கள் 2009-இல் தொடங்கிய அமைப்பு உருவாக்கிய பாடம் அது. மொத்தம் பத்து வகுப்புகள்.

இப்படி இந்த நொடியைக் கவனிக்கும் பயிற்சிக்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர். அந்தச் சொல் அதற்குள் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் புழங்கிப் பழகிவிட்டது. பெரியவர்களுக்கு நன்மை செய்யும் ஒன்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால், பதின்பருவத்தில் தலைகாட்டும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் வரும் முன் தடுக்கலாமே என்று பலர் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான். வாழ்நாள் முழுவதும் தொடரும் மனநலச் சிக்கல்களில் பெரும்பகுதி இருபது வயதைத் தாண்டுவதற்குள் தொடங்கிவிடுகிறது.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லெம் கைக்கன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ‘மிரியட்’ என்று பெயர். வெல்கம் அறக்கட்டளை நிதி கொடுத்தது. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 8,376 மாணவர்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதிப் பள்ளிகளில் மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் நடந்தது. மீதிப் பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் சமூக, உணர்வு நலப் பாடங்களே தொடர்ந்தன. பாடம் எடுத்த ஆசிரியர்கள் முதலில் தாங்களே பயிற்சி செய்து பழகிவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார்கள். இதைவிடக் கவனமாக ஒரு சோதனையை நடத்துவது கடினம்.

2022 ஜூலையில் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வின் அபாயத்திலோ, நடத்தையிலோ, பொதுவான மனநலத்திலோ மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புகள் வழக்கமான பாடங்களைவிட எந்த வகையிலும் மேலானவையாக இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்த பிள்ளைகளில் சில அளவீடுகள் சற்று மோசமாகவே இருந்தன. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. செய்தவர்களும் அரிதாகவே செய்தார்கள்.

இந்த ஆய்வாளர்களுக்குத் தலைவணங்கத்தான் வேண்டும். அவர்கள் மைண்ட்ஃபுல்னெஸை எதிர்ப்பவர்கள் இல்லை. குழுவில் இருந்த மார்க் வில்லியம்ஸ், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக மைண்ட்ஃபுல்னெஸ் சார்ந்த சிகிச்சையை உருவாக்கிய மூவரில் ஒருவர். தங்கள் வாழ்நாள் உழைப்பு எதை நம்பி நின்றதோ, அதற்குச் சாதகமாக வராத முடிவை மறைக்காமல், மழுப்பாமல் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தின் லாரன் ஹார்வியும் குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதின்பருவ மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். மைண்ட்ஃபுல்னெஸ், கடும் உணர்வுகளைத் தாங்குதல், உறவுகளைப் பேணுதல் எனக் கடுமையான மனநலச் சிக்கல்களுக்கான சிகிச்சையில் பயன்படும் திறன்களை எளிமையாக்கிய பாடம் அது. பாடம் முடிந்த கையோடு அளந்தபோது, பாடம் கற்ற பிள்ளைகளின் பதற்றமும் சோர்வும் மற்றவர்களுடையதைவிடக் கூடியிருந்தன. பெற்றோருடனான உறவும் கசந்திருந்தது. பெரும்பாலான பாதிப்புகள் சில மாதங்களில் மறைந்துவிட்டன. பெற்றோர் விஷயத்தில் மட்டும் கசப்பு நீடித்தது. ஆனால் வீட்டிலும் விடாமல் பயிற்சி செய்த சிலருக்கு நிலைமை மேம்பட்டது.

இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சியே வெறும் பித்தலாட்டம் என்று முடிவுகட்டுவது அவசரம். கேட்க வேண்டிய கேள்வி இது: பெரியவர்களுக்கு உதவிய ஒன்று பிள்ளைகளிடம் ஏன் தடுமாறியது?

பெரியவர்களின் கதை 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்குகிறது. ஜான் கபாட்-ஜின் அங்கே வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியோடு போராடியவர்கள். மருத்துவத்தால் அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லாதவர்கள். புத்த மரபிலிருந்து எடுத்த தியானத்தை மதச்சாயல் இல்லாமல் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஜான் டீஸ்டேல், ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ் மூவரும் அதை மனச்சோர்வுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். 2000-இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடையே, வழக்கமான சிகிச்சையில் இருந்தோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இந்தப் பயிற்சி பெற்றோரில் அது 37 விழுக்காடு. இரண்டே முறை சோர்வு கண்டவர்களுக்கு இதே பயிற்சி குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் வேண்டி வந்தவர்கள். தங்கள் துன்பம் எது என்று அறிந்தவர்கள். வகுப்பு வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து போகும் உரிமை அவர்களுக்கு இருந்தது. கணக்குப் பாடத்துக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் இடையில், கால அட்டவணையில் வந்து விழும் தியானத்துக்கு உட்காரும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவுமே கிடையாது.

அந்த வயதின் இயல்பும் வேறு. கோபம், பயம், ஆசை ஆகியவற்றோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் பருவமடையும் காலத்தில் விழித்துக்கொண்டு வேகமெடுக்கின்றன. நிதானித்து யோசிக்கவும் திட்டமிடவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ‘வயசுக் கோளாறு’ என்று வீடுகளில் சொல்லித் தள்ளிவிடுவதில் பாதி, கட்டுமானம் முடியாத மூளையின் வேலை.

அதோடு, சக வயதினரின் பார்வை அந்த வயதில் தீயாகச் சுடும். மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை 306 பேர் ஆடினார்கள். சிலர் தனியாக ஆடினார்கள். சிலருக்கு நண்பர்கள் பக்கத்தில் இருந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்கள் தனியாக இருந்தாலும் நண்பர்களோடு இருந்தாலும் ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் நண்பர்கள் பார்க்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு அபாயத்தைத் துணிந்து எடுத்தார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அந்த வயதுப் பிள்ளைக்கு முதலில் என்ன தோன்றும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். கண்ணை மூடியிருக்கும்போது யார் தன்னைப் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்பதில்தான் கவனம் போகும். மூச்சு அப்புறம்தான்.

உணர்வை அடையாளம் காண்பதும் அந்த வயதில் சிக்கலாகிவிடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை பையைச் சோபாவில் வீசுகிறது. அம்மா கேட்கிறார்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லேன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“விடும்மா.”

கதவு அறைந்து சாத்தப்படுகிறது. வெளியே நிற்பவருக்கு இது திமிராகத் தெரியும். ஹார்வர்டில் எரிக் நூக்கும் லியா சோமர்வில்லும் பிறரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. 5 முதல் 25 வயது வரையுள்ள 143 பேரிடம், சில படங்களைக் காட்டி, அவற்றைப் பார்க்கும்போது என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். சிறு குழந்தைகள் ஒரு நேரத்தில் ஒரே உணர்வைத்தான் சொன்னார்கள்: கோபம் என்றால் கோபம், பயம் என்றால் பயம். வளர்ந்தவர்கள் பல உணர்வுகள் கலந்து வந்தாலும் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொன்னார்கள். நடுவில் இருந்த பதின்பருவத்தினருக்குத்தான் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. பிரித்தறியும் தேர்ச்சி இன்னும் கைகூடவில்லை. வெட்கம், ஏமாற்றம், ஆத்திரம், தனிமை எல்லாம் ஒரே முடிச்சாக நெஞ்சில் கிடக்கும்போது, ‘ஒண்ணுமில்ல’ என்பதைவிட உண்மையான பதில் அந்தப் பிள்ளையிடம் இல்லாமலிருக்கலாம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மேன் 2007-இல் வெளியிட்ட ஆய்வை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கோபமான அல்லது பயந்த முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்வுக்கு ஒரு பெயர் வைத்தவர்களின் மூளையில், அபாயமணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது. பெயர் சொல்வதே ஒருவகை ஆறுதல். ஆனால் அந்தப் பெயர்கள் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. பக்கத்தில் ஒருவர் இருந்து, அவசரப்படுத்தாமல், ‘எல்லார் முன்னாலும் அவர் அப்படிச் சொன்னது உனக்கு அசிங்கமா இருந்துச்சா?’ என்று கேட்டுப் பழக்கினால்தான் வரும். தவறாகக் கேட்டுவிட்டால் பிள்ளையே திருத்தும்: ‘அசிங்கம் இல்ல. அவங்க சிரிச்சப்போ என் ஃப்ரெண்டும் சேர்ந்து சிரிச்சான்.’ இவ்வளவு வந்துவிட்டால் முடிச்சு பாதி அவிழ்ந்த மாதிரிதான்.

உணர்வைக் கையாள்வது எங்கே தொடங்குகிறது என்பதை இன்றுவரை மிகத் தெளிவாகச் சொன்னவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ். 1998-இல் அவர் வகுத்த சட்டகத்தின்படி ஓர் உணர்வு உருவாகி வெளிப்படும் வழியில் ஐந்து இடங்களில் குறுக்கிடலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை வைத்து இதைப் பார்க்கலாம். பள்ளிப் பேருந்தில் அவனைத் தினமும் இரண்டு பேர் பட்டப்பெயர் சொல்லிச் சீண்டுகிறார்கள். முதல் வழி, சூழலைத் தேர்ந்தெடுப்பது: அந்தப் பேருந்தில் ஏறாமல் வேறு வழியில் போகலாம். இரண்டாவது, சூழலை மாற்றுவது: ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்காரலாம், அல்லது யாராவது தலையிட்டுச் சீண்டலை நிறுத்தலாம். மூன்றாவது, கவனத்தைத் திருப்புவது: ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம், மூச்சைக் கவனிக்கலாம். நான்காவது, நடப்பதற்குக் கொடுக்கும் பொருளை மாற்றுவது: ‘அவங்களுக்கு வேற வேலையில்ல’ என்று எண்ணிக்கொள்ளலாம். ஐந்தாவது, பொங்கி வந்த பிறகு அடக்குவது: பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம்.

இந்த ஐந்தில் முதல் இரண்டும் பெரும்பாலும் அவன் கையில் இல்லை. எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து, எந்த வகுப்பு, யார் பக்கத்தில் இருக்கை, எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எத்தனை டியூஷன் என்பதையெல்லாம் முடிவுசெய்பவர்கள் பெரியவர்கள். பிடிக்காத வேலையை விட்டுவிடும் உரிமை பெரியவருக்கு உண்டு. பிடிக்காத வகுப்பறையை விட்டு வெளியேறப் பிள்ளைக்கு வழியில்லை. அவனுக்கு மிஞ்சுவது கடைசி மூன்றும்தான். மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. முதல் இரண்டைத் தங்கள் வசம் வைத்துக்கொண்டு, மீதி மூன்றில் தேர்ச்சி பெறச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார்கள் பெரியவர்கள். சீண்டல் நிற்காத பேருந்தில் மூச்சைக் கவனிக்கச் சொன்னால், சீண்டலைத் தாங்கிக்கொள்வதும் உன் பொறுப்புதான் என்ற செய்தியும் அவனுக்குச் சேர்ந்தே போகிறது.

அப்படியானால் கடைசி மூன்றுக்கும் மதிப்பே இல்லையா? உண்டு. சூழலை யாராலும் மாற்ற முடியாத நேரத்தில் அவைதான் துணை. 2018-இல் தாய்லாந்தில் நடந்ததை உலகமே பார்த்தது. ஜூன் 23-ஆம் தேதி, ‘காட்டுப் பன்றிகள்’ என்ற கால்பந்து அணியைச் சேர்ந்த 12 சிறுவர்கள் தங்கள் துணைப் பயிற்சியாளருடன் தாம் லுவாங் குகைக்குள் போனார்கள். சிறுவர்களுக்கு 11 முதல் 16 வயது. மழைநீர் புகுந்து வழியை அடைத்தது. குகைவாயிலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, ஒரு மேட்டில் ஒதுங்கினார்கள். சாப்பாடு கிடையாது. பாறையிலிருந்து சொட்டிய நீரைக் குடித்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் இருவர் நீரிலிருந்து தலையை நீட்டி விளக்கடித்தபோது, அந்தப் பதின்மூன்று பேரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை 10-ஆம் தேதிக்குள் அனைவரும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள்.

பயிற்சியாளர் ஏகபோன் சந்தாவோங்குக்கு அப்போது 25 வயது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, புத்த மடத்தில் துறவியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். குகைக்குள் அவர் பிள்ளைகளைத் தியானத்தில் உட்கார வைத்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. தியானத்தின் வல்லமைக்குச் சான்றாக இன்றும் அது சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே நடந்தது அது மட்டுமில்லை. பிள்ளைகள் முறைவைத்துக் கல்லால் குகைச் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்; வெளியேறும் முயற்சியை விடவேயில்லை. உடல்வலுவை வீணாக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, அவர்கள் நம்பிய ஒரு பெரியவர் அதே இருட்டில், அதே பசியோடு, அவர்களோடு உட்கார்ந்திருந்தார். மீட்பு தொடங்குமுன் அங்கிருந்து பெற்றோர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். உங்கள்மேல் பழியில்லை என்று பெற்றோர் பதில் எழுதினார்கள். அந்தத் தியானத்துக்கு வலுவைக் கொடுத்தது இந்த உறவு. பத்து வகுப்புகளில் அது உருவாகிவிடாது.

சூழலை மாற்ற முடிகிற இடங்களில் பெரியவர்கள் மாற்றிப் பார்த்தபோது என்ன ஆனது என்பதற்கும் நல்ல சான்றுகள் உள்ளன.

தூக்கம் ஓர் எடுத்துக்காட்டு. பருவமடையும் காலத்தில், உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. மேரி கார்ஸ்காடன் உள்ளிட்ட உறக்க ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பத்து மணிக்குப் படுத்தும் தூக்கம் வராமல் புரள்வதும், காலையில் எழுப்ப எழுப்ப எழாமல் கிடப்பதும் பெருமளவு உடல் செய்யும் வேலை. தூக்கம் குறைந்தால் சிறு சொல்லுக்கும் எரிந்து விழத் தோன்றும். இது பெரியவர்களுக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டு பள்ளிகளில் கைக்கடிகாரக் கருவி கட்டி அளந்தபோது மாணவர்கள் இரவில் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. நேரம் கிடைத்தால் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்ற பெரியவர்களின் பயம் பலிக்கவில்லை. கலிபோர்னியா மாநிலம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது: 2022 ஜூலையிலிருந்து அங்கே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. நம் ஊரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் இருள் பிரியுமுன் டியூஷனுக்கும், அங்கிருந்து சிறப்பு வகுப்புக்கும் ஓடுவதைப் பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னும் பெரிய சான்று நம் நாட்டிலேயே, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் கிடைத்தது. ‘சேஹர்’ என்ற திட்டத்தைக் கோவாவின் சங்கத் அமைப்பும் விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திப் பார்த்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டன. எல்லாப் பள்ளிகளிலும் அரசின் வாழ்க்கைத்திறன் பாடம் உண்டு. ஒரு பிரிவில் அது மட்டும். இரண்டாம் பிரிவில் பள்ளிச் சூழலை மேம்படுத்தும் கூடுதல் பணிகளை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே செய்தார். மூன்றாம் பிரிவில் அதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் மனநல மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆள். ‘சேஹர் மித்ரா’, அதாவது நண்பர் என்று அவருக்குப் பெயர்.

அந்த நண்பர் செய்தவற்றைப் பார்த்தால் எல்லாம் எளிய காரியங்கள். பெயர் சொல்லாமல் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார். மாதந்தோறும் சுவர்ப் பத்திரிகை நடத்தினார். மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து பேச ஒரு குழு அமைத்தார். சீண்டலுக்கும் அடிக்கும் எதிராகப் பள்ளிக்கு விதிமுறைகள் வகுக்க உதவினார். படிப்பிலோ வீட்டிலோ சிக்கல் இருந்த பிள்ளைகளோடு தனியாக உட்கார்ந்து பேசினார். 2018 இறுதியில் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி, நண்பர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் கணிசமாக மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஏற்கெனவே வேலைச்சுமையில் இருக்கும் ஆசிரியர் மேல் அதே பணியை ஏற்றிய பள்ளிகளில் எந்தப் பலனும் தெரியவில்லை. அடுத்த ஆண்டும் திட்டத்தைத் தொடர்ந்தபோது நண்பர் இருந்த பள்ளிகளின் பலன் மேலும் கூடியது.

இங்கிலாந்தில் கவனமாக வடித்த பாடம் தராத பலனை, நாளந்தாவில் ஒரு பெட்டியும் ஒரு சுவர்ப் பத்திரிகையும் கேட்பதற்கு ஓர் ஆளும் தந்தன என்பது சிந்திக்க வைக்கிறது. பள்ளிகள் வேறு, நாடு வேறு, வறுமையின் அளவு வேறு. இரண்டையும் தராசில் நேருக்கு நேர் வைக்க முடியாது. என்றாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. நாளந்தாவில் மாறியது பிள்ளையைச் சுற்றியிருந்த உலகம். கிராஸ் சொன்ன முதல் இரண்டு வழிகளையும் பெரியவர்கள் திறந்துவிட்டார்கள்.

மூச்சுக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணிகிறது. உடலியலில் ஐயமற்ற உண்மை அது. தேர்வு அறையில் வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோன பெண்ணுக்கு, மேடையேறுமுன் தொண்டை அடைத்துக்கொள்ளும் பையனுக்கு, கை ஓங்கத் துடிக்கும் அந்த ஒரு நொடிக்கு அது போதுமான உதவி. மிரியட் ஆய்விலேயே கவனிக்க வேண்டிய இன்னொரு முடிவும் உண்டு: பயிற்சி செய்த ஆசிரியர்களின் மனக்களைப்பு, குறைந்த காலத்துக்காவது, தணிந்தது. பள்ளிச் சூழலிலும் சில நல்ல மாற்றங்கள் தெரிந்தன. பிள்ளைகளுக்காகத் தயாரித்த மருந்து முதலில் பெரியவர்களுக்கு வேலை செய்திருக்கிறது.

அதைப் பின்பற்றலாம். பயிற்சியை முதலில் ஆசிரியர் அறையில் தொடங்கலாம், வீட்டில் பெற்றோர் தொடங்கலாம். தகப்பன் தன் கோபம் தணிய ஐந்து நிமிடம் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து பேசுவதைப் பார்க்கும் பிள்ளை, எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. ‘கோபப்படாதே’ என்று கத்தும் பெரியவரிடமிருந்து பிள்ளை கற்பது கத்துவதை மட்டுமே.

பிள்ளைகளுக்கு வகுப்பாகவே நடத்துவதென்றால் சில எச்சரிக்கைகள் வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகள் 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைக்க ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ ஒன்றைக் கொண்டுவந்தன. மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அதற்கென ஒரு வகுப்பு. தொடக்கத்தில் சில நிமிட அமைதி, பிறகு கதை, செயல்பாடு, பேச்சு. அதற்குத் தேர்வும் இருக்கவில்லை, மதிப்பெண்ணும் இருக்கவில்லை. அந்த ஒரு விதி முக்கியமானது. அமைதியாக இருப்பதற்கும் மதிப்பெண் போடத் தொடங்கினால், அமைதியும் பிள்ளையைத் துரத்தும் இன்னொரு பாடமாகிவிடும்.

வீட்டில் அடியும் வன்முறையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதே காட்சிகள்தான் மேலெழும். அப்படிப்பட்ட பிள்ளையை அரைமணி நேரம் தன் மனத்தோடு தனியே விடுவது கொடுமை. கண் திறந்தே இருக்கட்டும், மரத்தையோ வானத்தையோ பார்க்கட்டும், நடந்துகொண்டே மூச்சைக் கவனிக்கட்டும், விருப்பமில்லையென்றால் ஓரமாக உட்கார்ந்து படம் வரையட்டும் என்று விட்டுவிடும் ஆசிரியர்தான் இந்தப் பயிற்சியைப் புரிந்துகொண்டவர்.

தினசரி வாட்டத்தையெல்லாம் நோயாகப் பார்க்கப் பழக்குவதிலும் ஆபத்து உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் லூசி ஃபோக்ஸ் சில ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதிவருகிறார். மனநல விழிப்புணர்வு மிகுந்துபோய், இயல்பான சோகத்தையும் பதற்றத்தையும் பிள்ளைகள் நோய் என்று எண்ணத் தொடங்கலாம், அந்த எண்ணமே துன்பத்தைக் கூட்டலாம் என்பது அவர் முன்வைக்கும் கருத்து. தோழி பேசவில்லை என்று இரண்டு நாள் அழுவது பதின்மூன்று வயதின் இயல்பு. இரண்டு வாரமாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்ததில்கூட நாட்டமில்லாமல் இருப்பதும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் வேறு; அங்கே மூச்சுப் பயிற்சியை நம்பி உட்காரக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளையை அன்றாடம் அறிந்த ஒரு பெரியவர் வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் இப்படிப்பட்ட வகுப்புகளை விற்பவர்கள் வருகிறார்கள். இனி இன்னும் அதிகமாக வருவார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பயிற்சியை ஆசிரியர்கள் செய்து பார்த்தார்களா? விருப்பமில்லாத பிள்ளை விலகிக்கொள்ளலாமா? சீண்டலைப் பற்றிப் புகார் செய்ய, பெயர் சொல்லாமல் எழுதிப் போட ஓர் இடம் இருக்கிறதா, அதை யார் எப்போது திறந்து படிக்கிறார்கள்? பிள்ளைகள் போய்ப் பேச இந்தப் பள்ளியில் ஓர் ஆள் இருக்கிறாரா, அவருக்கு அதைத் தவிர வேறு வேலை இருக்கிறதா? காலைச் சிறப்பு வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா? திருப்தியான பதில் கிடைக்கும்வரை தியான வகுப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். பிள்ளையின் துன்பம் வீட்டாலும் பள்ளியாலும் தாங்க முடியாத அளவுக்குப் போனால், டெலி மனஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.